கீபோர்டு முன்னிற்கும் புரோகிரஸிவ் ராக்: புதிதாகத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

நீண்ட, பல பகுதிகள் கொண்ட படைப்புகளை விரும்பும் புரோகிரஸிவ் ராக்கிலும், வழக்கமான பாடல் வடிவை மீறும் பரிசோதனை ராக்கிலும் கீபோர்டு முதன்மை பெறும் குழுக்களைத் தேடத் தொடங்குவோருக்கு முதலில் கிடைப்பவை ‘கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள்’ போன்ற பட்டியல்கள்தாம். அவற்றில் கிட்டாரை நம்பி நிற்கும் குழுக்களும் ஆர்கனே முதுகெலும்பாக அமைந்த குழுக்களும் வேறுபாடின்றிக் கலந்து கிடக்கின்றன. எந்த ஆல்பத்தில் எந்தக் கருவிக்கு எவ்வளவு இடம் என்பதை அவை சொல்வதில்லை. அத்தகைய பட்டியல்களோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகு எனக்குக் கைகொடுத்த முறை வேறு. குழுவின் பெயரையும் வகையின் பெயரையும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, கருவியையும் அதை வாசித்த கலைஞரையும் பின்தொடர்வதே அந்த முறை. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் அலைய வேண்டாம் என்பதற்காகவே படிகளை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதல் வாரம்: ஒலிகளைப் பிரித்தறியப் பழகுங்கள்

‘கீபோர்டு’ என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட பல கருவிகள் அடங்கியிருக்கின்றன. உங்களை ஈர்ப்பது அவற்றில் எது என்று தெரியாதவரை தேடல் திசையின்றியே இருக்கும். ஆகவே முதல் வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

ஹாமண்ட் ஆர்கனில், குறிப்பாக பி-3 என்ற மாடலில், விசை அழுந்தும் கணத்தில் ‘டக்’ என்றொரு சிறு ஓசை எழும். அதைத் தொடர்ந்து தடித்த, சற்றே உறுமும் நாதம் வரும். அதோடு இணைக்கப்படும் லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் ஒரு கொம்பும் ஓர் உருளையும் சுழல்வதால் ஒலி அலைந்துகொண்டே இருக்கும். சுழற்சிக்கு மெதுவானது, விரைவானது என இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஒலி படிப்படியாக முடுக்கம் பெறுவதைக் காதால் தெளிவாக உணரலாம். எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் ‘டார்கஸ்’ (1971) ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும் நிறைக்கும் ஏழு பகுதிப் படைப்பில் கீத் எமர்சனின் கைவண்ணத்தில் ஹாமண்டின் முரட்டுத்தனமும் நளினமும் ஒருங்கே கிடைக்கும்.

மெல்லோட்ரானின் இயல்பு வேறு. அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு காந்த நாடா உண்டு; வயலின் கூட்டம், புல்லாங்குழல், பாடகர் குழு போன்றவற்றின் ஒலிகள் அந்த நாடாக்களில் முன்னரே பதிவாகியிருக்கும். ஒரு விசையை ஏறத்தாழ 8 நொடிக்கு மேல் பிடித்தால் நாடா முடிந்து ஒலி நின்றுவிடும் என்பதால், வாசிப்பவர் சுரங்களை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருக்கிறது. நாடா ஓடுவதில் உள்ள நுண்ணிய தள்ளாட்டம்தான் அதற்கு அந்த மங்கலான, பனிமூட்டம் போன்ற அழகைத் தருகிறது. ஜெனிசிஸ் குழுவின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ (1972) ஆல்பத்தைத் தொடங்கிவைப்பது டோனி பேங்க்ஸ் வாசித்த மெல்லோட்ரான்தான். அந்த முதல் நிமிடத்தைக் கேட்டவருக்கு அதன்பின் எங்கே கேட்டாலும் இந்தக் கருவி பிடிபடும்.

மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் மினிமூக் சிந்தசைசர் (1970) ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஒலிக்கும். அதனால் அது பெரும்பாலும் தனியாவர்த்தனம் போல மேலெழுந்து வரும்; சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். ரோட்ஸ் பியானோ சிறு மணிகளின் மென்மையோடும், கிளாவினெட் நரம்பைச் சுண்டியது போன்ற வெடுக்கென்ற ஓசையோடும் ஒலிக்கும். இந்த ஐந்தையும் பிரித்தறிந்துவிட்டால் போதும். மற்றவை கேட்கக் கேட்கத் தாமாகப் பழகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: இதைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் செய்யாதீர்கள். லெஸ்லியின் சுழற்சியை முழுமையாக உணர இரு காதுகளுக்கும் தனித்தனியே ஒலி வர வேண்டும். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவில் 1970இல் பாஸ் கிட்டார் கலைஞர் விலகிய பிறகு, ஹியூ பான்டன் ஆர்கனின் கால் பெடல்களைக் கொண்டே பாஸ் பகுதியையும் வாசித்தார். சிறிய ஒலிபெருக்கியில் அந்தப் பாதி இசை அப்படியே காணாமல் போய்விடும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை, சாதாரணமான கம்பி ஹெட்போனே போதுமானது.

2. மூன்று வாசல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முனைவதுதான் சலிப்புக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. உங்கள் காது எதை விரும்புகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஒரு வாசல் வழியாக நுழையுங்கள்.

மெல்லிசையும் பெரிய அமைப்பும் பிடிக்குமானால் யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) ஆல்பத்தில் தொடங்குங்கள். அதில் மொத்தம் மூன்றே படைப்புகள். தலைப்புப் படைப்பு 18 நிமிடங்களைத் தாண்டும். அதன் நடுப்பகுதியில் ரிக் வேக்மன் வாசிக்கும் குழாய் ஆர்கன், லண்டனில் உள்ள செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் பதிவு செய்யப்பட்டது. அதை அடுத்து ஜெனிசிஸின் ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ (1973), கேமல் குழுவின் ‘மிராஜ்’ (1974) ஆகியவற்றுக்குச் செல்லலாம்.

வேகமும் அழுத்தமும் வேண்டுமென்றால், கிட்டார் கலைஞரே இல்லாத குழுக்களையோ கிட்டாரை ஓரமாக வைத்த குழுக்களையோ நாடுங்கள். எமர்சன், லேக் அண்ட் பால்மர் அவற்றுள் முதன்மையானது. கிரீன்ஸ்லேட் குழுவில் (முதல் ஆல்பம் 1973) டேவ் கிரீன்ஸ்லேட், டேவ் லாசன் என இரண்டு கீபோர்டு கலைஞர்கள் இருந்தனர்; கிட்டார் இல்லை. இத்தகைய குழுக்களில் கீபோர்டுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது என்பதால், கருவியைப் படிப்பதற்கு இவற்றைவிடச் சிறந்த பாடநூல் இல்லை என்பது என் கருத்து.

ஜாஸின் சாயல் பிடித்தவர்களுக்கு, இங்கிலாந்தின் கான்டர்பரி நகரின் பெயரால் அழைக்கப்படும் குழுக்களின் வட்டம் ஏற்றது. கேரவன் குழுவின் ‘இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்’ (1971) ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே நீண்ட படைப்பு. டேவ் சின்கிளேர், ஒலியைச் சிதைக்கும் ஃபஸ் கருவியோடு இணைத்த ஆர்கனை அதில் மணிக்கணக்கில் கேட்கலாம் போல வாசிக்கிறார். சாஃப்ட் மெஷினின் ‘தேர்ட்’ (1970) அதைவிடக் கடினமானது: இரட்டை இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கே படைப்புகள்.

வாரத்துக்கு ஓர் ஆல்பம், அதைக் குறைந்தது மூன்று முறை: இந்த அளவு போதும். இந்த இசை இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த ஏறத்தாழ 20 நிமிடக் கால அளவை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. ஆகவே ஓர் அமர்வில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்துவதே இயல்பான முறை. முதல் முறை முழுமையாகவும், இரண்டாம் முறை கீபோர்டை மட்டும் கவனித்தும், மூன்றாம் முறை கீபோர்டு எப்போது பின்வாங்கி மற்றவர்களுக்கு இடம் விடுகிறது என்பதைக் கவனித்தும் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் 18 நிமிடப் படைப்பு வெறும் இரைச்சலாகவே மிஞ்சும்.

3. ஆல்பம் உறையைப் படியுங்கள்

இந்தத் தேடலில் ஆவணம் என்று சொல்லத்தக்கது ஆல்பத்தின் உறையில் அச்சிடப்பட்ட கலைஞர் விவரம்தான். யார் எந்தக் கருவியை வாசித்தார் என்பது அங்கேதான் இருக்கும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பல வேளைகளில் பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்களோடு விவரம் முடிந்துவிடுவதால், இசைப் பதிவுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தில் அந்த ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பலர் உறையின் படங்களையும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஒரே ஆல்பத்துக்கு டஜன் கணக்கில் பதிப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கும். விவரம் நிறைந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும்.

இங்கே சில பொறிகள் உள்ளன. முதலாவது, ஒரே குழுவில் கீபோர்டு கலைஞர்கள் மாறியிருப்பது. யெஸ் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களில் வாசித்தவர் டோனி கே. ‘ஃப்ராஜைல்’ (1971) முதல் ரிக் வேக்மன். ‘ரிலேயர்’ (1974) ஆல்பத்தில் பேட்ரிக் மொராஸ். மூவரின் அணுகுமுறையும் வேறு. ஒருவரைக் கேட்டுவிட்டுக் குழுவையே எடைபோடக் கூடாது.

இரண்டாவது, ஒரே பெயரில் இரு கலைஞர்கள். எக் குழுவின் ஆர்கன் கலைஞர் டேவ் ஸ்டூவர்ட்டைத் தேடினால், யூரித்மிக்ஸ் என்ற பாப் இணையின் கிட்டார் கலைஞரான டேவ் ஸ்டூவர்ட்டே முதலில் வந்து நிற்பார். இருவருக்கும் தொடர்பில்லை. பெயரோடு குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே தீர்வு.

மூன்றாவது, எதிர்பாராத கைகள். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தில் (1969) புகழ்பெற்ற அந்த மெல்லோட்ரானை வாசித்த இயன் மெக்டொனால்ட், அதே ஆல்பத்தில் சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் வாசித்தவர். ‘கீபோர்டு கலைஞர் யார்?’ என்று மட்டும் பார்த்தால் இத்தகையோர் தப்பிவிடுவார்கள். கருவியின் பெயரைப் பாருங்கள்.

4. வாசித்தவரைப் பின்தொடருங்கள்

இதுவே இந்த வழிகாட்டியின் மையப் படி. ஓர் ஆல்பத்தில் ஒருவரின் வாசிப்பு உங்களை நிறுத்திக் கேட்கவைத்தால், அந்தக் குழுவின் அடுத்த ஆல்பத்துக்குப் போகாமல், அந்தக் கலைஞரின் அடுத்த குழுவுக்குப் போங்கள். டிஸ்காக்ஸில் கலைஞரின் பெயரை அழுத்தினால் அவர் பங்கேற்ற பதிவுகள் அனைத்தும் வரும்.

மேலே சொன்ன டேவ் ஸ்டூவர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் இல்லாத மூவர் குழுவான எக்கின் ‘தி பொலைட் ஃபோர்ஸ்’ (1971) ஆல்பத்தில் அவர் சிக்கலான தாளக்கட்டுகளுக்குள் ஆர்கனைச் செலுத்துகிறார். அடுத்து கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜோடு கான் குழுவின் ‘ஸ்பேஸ் ஷாண்டி’ (1972). பிறகு ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் குழுவின் முதல் ஆல்பம் (1974). அங்கே அவருடைய வாசிப்பு இளகி, புன்னகைக்கத் தொடங்குகிறது. அதன்பின் நேஷனல் ஹெல்த் குழுவின் முதல் ஆல்பம் (1978). இறுதியாக டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டின் குழுவில் ‘ஒன் ஆஃப் எ கைண்ட்’ (1979). ஒரே கலைஞரின் வழியே ஐந்து குழுக்கள் கிடைத்துவிட்டன. அந்த ஐந்திலும் உடன் வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு பாதையைத் திறக்கிறார்கள். எந்தப் பட்டியலும் இவ்வளவு கோவையாக உங்களை அழைத்துச் செல்லாது.

எடி ஜாப்சனையும் இதே முறையில் தொடரலாம். கர்வ்ட் ஏர், ராக்ஸி மியூசிக் ஆகிய குழுக்களின் வழியே வந்து யு.கே. குழுவை அடைந்தவர் அவர். அக்குழு ‘டேஞ்சர் மணி’ (1979) ஆல்பத்தில் கிட்டார் கலைஞர் இல்லாத மூவராகச் சுருங்கியபோது, முழுச் சுமையையும் அவருடைய கீபோர்டும் மின்வயலினும் தாங்கின.

5. ஆங்கிலத்துக்கு வெளியே செல்லுங்கள்

இரண்டு மாதம் கேட்ட பிறகு இத்தாலிக்குச் செல்லுங்கள். கீபோர்டை நேசிப்பவருக்கு அந்த நாடு தரும் செல்வம் வியப்பூட்டுவது. பாங்கோ டெல் முத்துவோ சொக்கோர்சோ குழுவில் விட்டோரியோ, ஜியானி நொச்சென்ஸி என்ற இரு சகோதரர்கள் பியானோவையும் ஆர்கனையும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவதுபோல வாசிக்கிறார்கள், ‘டார்வின்!’ (1972) அவர்களின் உச்சம் என்பேன். லே ஓர்மே மூவர் குழு. ‘ஃபெலோனா எ சொரோனா’ (1973) ஆல்பத்தில் டோனி பாலியூக்காவின் கீபோர்டுகளே கதையை நடத்துகின்றன. இல் பல்லெட்டோ டி பிரோன்ஸோவின் ‘ஈஸ்’ (1972) இவற்றைவிட இருண்டது, முரடானது; அதைச் சற்றுப் பின்னர் கேளுங்கள்.

இத்தாலியில் உள்ள பொறி, ஆங்கிலப் பதிப்புகள். பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனியின் ‘ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ (1973) ஆல்பம், முந்தைய இத்தாலியப் பாடல்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில வரிகள் சேர்த்து வெளிவந்தது. ‘ஃபெலோனா எ சொரோனா’வுக்கும் ஆங்கிலப் பதிப்பு உண்டு. மொழி புரியும் என்று அவற்றை முதலில் எடுக்காதீர்கள். குரலின் உயிர் மூலமொழியில்தான் இருக்கிறது. நாம் தேடி வந்த கீபோர்டுக்கோ மொழி தடையே இல்லை.

பெயர்களைத் தேடும்போது ரோமன் எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளையும் குறிகளையும் விட்டுவிட்டாலும் பெரும்பாலும் சரியான முடிவே வரும். புரோகிரஸிவ் ராக்குக்கென்றே உள்ள புரோக் ஆர்க்கைவ்ஸ் (Prog Archives) தளத்தில் நாடு, ஆண்டு, உள்வகை என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. அங்குள்ள நட்சத்திர மதிப்பெண்களை மட்டும் நம்பிவிடாமல், விமர்சனங்களில் கருவிகளைக் குறிப்பிட்டு எழுதியிருப்பவற்றைத் தேடிப் படியுங்கள்.

6. பரிசோதனைப் பக்கத்துக்கு மெதுவாகச் செல்லுங்கள்

இங்கே வரிசை மிக முக்கியம். முதலில் சுவீடனின் சம்லா மம்மாஸ் மன்னா: லார்ஸ் ஹோல்மரின் கீபோர்டு விளையாட்டுத்தனத்தோடு தாவிக் குதிப்பதால், ‘மோல்டீட்’ (1973) ஆல்பத்தின் சிக்கல்கள்கூட அச்சுறுத்துவதில்லை. பிறகு டாஞ்சரின் டிரீமின் ‘ஃபேட்ரா’ (1974): சுரங்களை வரிசையாகத் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்யும் மூக் சீக்வென்சரின் இடைவிடாத துடிப்பின் மேல் மெல்லோட்ரான் மிதக்கும், இங்கே பாடல் அமைப்பை எதிர்பார்க்காமல் ஒலியின் நிறமாற்றத்தைக் கேட்க வேண்டும். அதன்பின் பிரான்ஸின் மாக்மா. டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியான் வாண்டர் தாமே ஒரு மொழியை உருவாக்கி அதில் பாடவைத்தார். ஒரே சுரக்கோவை திரும்பத் திரும்ப வந்து மெல்ல மெல்ல வெறியேறும் இந்த இசை, பொறுமையோடு காத்திருப்பவருக்கே தன்னைத் திறக்கும்.

பெல்ஜியத்தின் உனிவேர் ஸேரோவை, குறிப்பாக ‘ஹெரெஸீ’ (1979) ஆல்பத்தை, கடைசியாக வையுங்கள். ஹார்மோனியமும் பசூன் என்ற தாழ்ந்த சுருதி ஊதுகருவியும் சேர்ந்து எழுப்பும் அந்த இருள் அபாரமானது. ஆனால் அதில் தொடங்கியவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

7. செலவைத் திட்டமிடுங்கள்

தொடக்கத்தில் எதையும் வாங்காதீர்கள். முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு ஸ்ட்ரீமிங் சந்தா போதும். இலவசக் கணக்கை நான் பரிந்துரைக்கவில்லை. டிராக்குகளுக்கு இடையே விளம்பரம் நுழையலாம். சில செயலிகள் பாடல்களைக் கலைத்துப் போட்டு ஒலிக்கவும் செய்யும். எமர்சன், லேக் அண்ட் பால்மரின் ‘பிரெயின் சாலட் சர்ஜரி’ (1973) ஆல்பத்தில் ஏறத்தாழ 30 நிமிட நெடும்படைப்பு முதல் பக்கத்தின் இறுதியில் தொடங்கி இரண்டாம் பக்கம் முழுவதும் நீள்கிறது; செயலியில் அது பல டிராக்குகளாகப் பிரிந்திருக்கும். நடுவே ஒரு விளம்பரம் வந்தால் எல்லாம் பாழ். அமைப்புகளுக்குள் சென்று இடைவெளியற்ற ஒலிப்பை இயக்குங்கள். ஒரு டிராக் தேய அடுத்தது அதன்மேல் ஏறும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வாங்கத் தொடங்கும்போது, எந்தப் பதிப்பு என்பதைக் கவனியுங்கள். ‘ரீமாஸ்டர்’ என்பது முடிவான பதிவின் ஒலித்தரத்தைச் சீர்செய்வது. ‘ரீமிக்ஸ்’ என்பது தனித்தனிக் கருவிகளின் பதிவுகளிலிருந்து மீண்டும் கலப்பது. அதில் கீபோர்டின் இடமும் அளவும் மாறக்கூடும். யெஸ், கிங் கிரிம்சன், ஜென்டில் ஜயன்ட் ஆகியோரின் சில ஆல்பங்களை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்திருக்கிறார். அடுக்கடுக்கான கீபோர்டுகள் அவற்றில் துலக்கமாகப் பிரிந்து கேட்கும். ஆனாலும் முதலில் பழைய கலவையைக் கேட்டுவிட்டு அங்கே செல்வதுதான் முறை. இணைப்பாக வரும் கூடுதல் டிராக்குகளை முதல் முறை ஒலிக்கவிடாதீர்கள். ஆல்பம் முடிய வேண்டிய இடத்தில் முடியட்டும்.

பயன்படுத்திய சி.டி.க்களே பெரும்பாலும் மலிவான வழி. எனினும் வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு தட்டை வரவழைத்தால் அஞ்சல் செலவு தட்டின் விலையை மிஞ்சிவிடலாம். சுங்க வரியும் சேரக்கூடும். ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குங்கள். இசைத்தட்டானால் தர அடையாளங்களை நம்பி ஏமாறாதீர்கள்: ‘குட்’ என்று குறிக்கப்பட்ட தட்டு உண்மையில் நன்றாகத் தேய்ந்து கரகரப்பது, ‘வெரி குட்’ தட்டிலும் மெல்லிய பகுதிகளில் இரைச்சல் கேட்கும். மெல்லோட்ரான் தனித்து ஒலிக்கும் அமைதியான இடங்களில் அது பொறுக்க முடியாததாகிவிடும். ‘வெரி குட் பிளஸ்’ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

8. இன்றைய குழுக்களையும் தேடுங்கள்

சுவீடனின் ஆங்லகோர்ட் ‘ஹிப்ரிஸ்’ (1992) ஆல்பத்தின் மூலம் ஹாமண்டையும் மெல்லோட்ரானையும் மீண்டும் நடுமேடைக்குக் கொண்டுவந்தது. நார்வேயின் வாப்ளர் குழுவில் லார்ஸ் ஃபிரெட்ரிக் ஃபிரோய்ஸ்லி பழைய கருவிகளை இன்றும் அதே காதலோடு வாசிக்கிறார்; ‘ஃபிரம் சைலன்ஸ் டு சம்வேர்’ (2017) கேளுங்கள். ஜப்பானின் ஆர்ஸ் நோவா, கெய்கோ குமகாயின் கீபோர்டை மையமாகக் கொண்ட குழு. அதே பெயரில் வேறு நாட்டுக் குழுவும் இருந்ததால் ஜப்பான் என்று சேர்த்துத் தேட வேண்டும். உலோக இசையின் கனம் பிடிக்குமானால், ஜோர்டன் ருடெஸ் 1999இல் சேர்ந்த பிறகான டிரீம் தியேட்டர் ஆல்பங்கள் இருக்கின்றன.

புதிய ஆல்பங்களின் விவரத்தில் ‘மெல்லோட்ரான்’ என்று இருந்தாலும், அது நாடாக் கருவியின் ஒலியைப் பதிவுசெய்து கணினியில் வாசித்ததாக இருக்கலாம். அது குறையல்ல, ஆனால் 8 நொடி வரம்பு இல்லாததால் வாசிப்பின் போக்கு மாறிவிடுவதைக் கவனியுங்கள்.

இத்தகைய குழுக்களுக்கு, கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் (Bandcamp) தளமே சரியான இடம். வாங்கும் முன் கேட்டுப் பார்க்கலாம். ஒலித்தரம் குறையாத, இழப்பற்ற கோப்பு வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 விழுக்காட்டை அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது. ‘பேண்ட்கேம்ப் ஃபிரைடே’ என்று அது அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. வாங்க நினைத்தவற்றை விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்து, அந்த நாளில் மொத்தமாக வாங்குங்கள். சிறிய குழுக்களின் இசைத்தட்டுகள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சிடப்படுவதால், தட்டுதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திராமல் வெளியான உடனே வாங்கிவிட வேண்டும்.